ஏரியைத் தேர்ந்தெடுத்தால் சார்ட் மாறும்: எக்ஸெலில் படிப்படியாக

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுகிறது. அவற்றில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை என்று ஐந்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், மழை, போன ஆண்டு இதே நாளில் இருந்த இருப்பு எல்லாம் ஒரே அட்டவணையில் கிடைக்கும். இதிலிருந்து மாதத்துக்கு ஒரு நாள் வீதம் சில ஆண்டுகளின் இருப்பை எடுத்து எக்ஸெலில் போட்டுவிட்டு, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து சார்ட் போட்டுப் பாருங்கள். இடியாப்பச் சிக்கல்தான். ஐந்து கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். எது புழல், எது பூண்டி என்று நிறத்தைப் பார்த்துப் பார்த்துத் தேட வேண்டும்.

ஏரிக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று தனித்தனி சார்ட் போடுபவர்களும் உண்டு. ஐந்து ஏரி, ஏழு ஆண்டு என்றால் முப்பத்தைந்து சார்ட். ஒன்றில் நிறத்தை மாற்றினால் மற்ற முப்பத்து நான்கிலும் மாற்ற வேண்டும்.

ஒரே சார்ட் போதும். மேலே ஒரு செல்லில் ஏரியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் கீழே கோடு மாற வேண்டும், அவ்வளவுதான் தேவை. இதற்கு மேக்ரோவும் வேண்டாம், நிரல் எழுதவும் வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் பிடிபட வேண்டும். சார்ட்டை மூலத் தரவோடு நேரடியாக இணைக்கக் கூடாது. நடுவில் ஒரு சின்ன அட்டவணை வைத்து, சார்ட்டை அதோடு இணைக்க வேண்டும். நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ப நடு அட்டவணையில் எண்கள் வந்து உட்காரும். சார்ட் எப்போதும் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

படிகளுக்குப் போகும் முன் ஒரு குறிப்பு. செல்களை ஏ1, பி2 என்றும், ஃபார்முலாக்களின் பெயரைத் தமிழிலும் எழுதியிருக்கிறேன். எக்ஸெலில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். சமக்குறி போட்டு முதல் இரண்டு மூன்று எழுத்து அடித்தாலே எக்ஸெல் பட்டியல் காட்டும். வேண்டியதில் நின்று டேப் விசையை அழுத்தினால் பெயரும் அடைப்புக்குறியும் வந்துவிடும். செல் முகவரிகளையும் கையால் அடிக்காமல் மவுஸால் தொட்டுக் காட்டிவிடுவது நல்லது.

முதலில் தரவு

புதிய கோப்பைத் திறந்து முதல் ஷீட்டுக்குத் ‘தரவு’ என்று பெயர் வையுங்கள். ஏ1 காலியாக இருக்கட்டும். பி1 முதல் எஃப்1 வரை ஐந்து ஏரிகளின் பெயர்கள். ஏ2 முதல் கீழ்நோக்கி ஒவ்வொரு மாதத்தின் முதல் நாள்: 2019 ஜனவரி 1, பிப்ரவரி 1 என்று வரிசையாக. நடுவில் அந்த நாளின் இருப்பு, மில்லியன் கன அடியில். பழக மட்டும் என்றால் 2019இன் பன்னிரண்டு வரிசைகள் போதும். மற்ற ஆண்டுகளை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஷீட்டில் அழகுக்காக எதுவும் செய்யாதீர்கள். செல்களை இணைப்பது, நடுவில் ‘மொத்தம்’ என்று வரிசை நுழைப்பது, எண்ணுக்குப் பக்கத்தில் ‘மி.க.அடி’ என்று அடிப்பது மூன்றும் பின்னால் தொல்லை கொடுக்கும். எண்ணோடு எழுத்தைச் சேர்த்து அடித்தால் எக்ஸெலுக்கு அது எண்ணே இல்லை.

தேதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நாம் நாளை முன்னால் போட்டு மாதத்தைப் பின்னால் போடுவோம். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால், அது மாதத்தை முன்னால் எதிர்பார்க்கும். ஜூன் 5 என்று நினைத்து 5-6-2024 அடித்தால் அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். சத்தமே போடாது. மே 13 என்று நினைத்து 13-5-2024 அடித்தால் பதின்மூன்றாவது மாதம் இல்லை என்பதால் அதை வெறும் எழுத்தாக வைத்துவிடும். பார்த்தவுடன் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்களாக எதையும் மாற்றாதவரை, உண்மையான தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்பக்கம் நிற்கும். ஏ நெடுவரிசையை ஒரு தடவை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் அங்கே கோளாறு.

தேர்வுப் பெட்டி

இரண்டாவது ஷீட்டுக்குப் ‘பார்வை’ என்று பெயர். இங்கேதான் நடு அட்டவணையும் சார்ட்டும் வரும்.

பி1இல் நின்று, மேலே டேட்டா என்ற தாவலில் டேட்டா வேலிடேஷனைத் திறங்கள். அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் என்று மாற்றுங்கள். சோர்ஸ் என்ற பெட்டியில் கர்சரை வைத்துவிட்டு, தரவு ஷீட்டுக்குப் போய் பி1 முதல் எஃப்1 வரை இழுத்துத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். பி1இன் ஓரத்தில் ஒரு சின்ன அம்பு வந்திருக்கும். அதைத் தொட்டால் ஐந்து ஏரிகளும் வரிசையாக வரும். ஆல்ட் விசையோடு கீழ் அம்பை அழுத்தினாலும் அதே பட்டியல் திறக்கும்.

பட்டியலைக் கையால் அடிக்காமல் தரவின் தலைப்பு வரிசையிலிருந்தே எடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு இடத்திலும் பெயர் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் ஃபார்முலா கண்டுபிடிக்கும். ‘புழல்’ என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தாலும் இல்லை என்றுவிடும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பிலிருந்து பெயர்களை ஒட்டினால் இன்னும் மோசம். கண்ணுக்கு ஒரே பெயர்தான், ஆனால் உள்ளே இருப்பது வேறு எழுத்துகள். மூலம் ஒன்றே என்றால் இந்த வம்பு எதுவும் வராது.

சி1இலும் இதே மாதிரி ஒரு தேர்வுப் பெட்டி வையுங்கள். பி1ஐ நகலெடுத்து ஒட்டினாலே போதும். ஒரு ஏரியை மட்டும் பார்ப்பதைவிட இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலும் தேவைப்படும். பி1இல் பூண்டி, சி1இல் செம்பரம்பாக்கம் என்று தேர்ந்தெடுத்து வையுங்கள். ஏ1 காலியாகவே இருக்கட்டும். இடது மேல் மூலை காலியாக இருந்தால், முதல் நெடுவரிசை கீழ் அச்சுக்கு உரியது என்று எக்ஸெல் புரிந்துகொள்ளும்.

நடு அட்டவணை

பார்வை ஷீட்டின் ஏ2இல் சமக்குறி போட்டுத் தரவு ஷீட்டின் ஏ2ஐத் தொட்டு என்டர் கொடுங்கள். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து ஏ13 வரை இழுங்கள். 2019இன் பன்னிரண்டு மாதங்களும் வந்துவிட்டன.

பி2இல் எழுத வேண்டியது இது:

=எக்ஸ்லுக்அப்(பி$1, தரவு!$பி$1:$எஃப்$1, தரவு!$பி2:$எஃப்2)

பேச்சு வழக்கில் சொன்னால், ‘பி1இல் இருக்கும் பெயரைத் தரவின் தலைப்பு வரிசையில் தேடு. அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ, இந்த மாதத்தின் வரிசையில் அதே இடத்தில் இருக்கும் எண்ணைக் கொண்டு வா’.

எக்ஸ்லுக்அப் என்பது எக்ஸெல் 2021இலும் மைக்ரோசாஃப்ட் 365இலும் உண்டு. அலுவலகக் கணினியில் 2016 அல்லது 2019 இருந்தால் அது இருக்காது. கவலை வேண்டாம், பழைய ஜோடி ஒன்று எல்லாவற்றிலும் வேலை செய்யும்:

=இண்டெக்ஸ்(தரவு!$பி2:$எஃப்2, மேட்ச்(பி$1, தரவு!$பி$1:$எஃப்$1, 0))

மேட்ச் ‘எத்தனையாவது’ என்று சொல்லும், இண்டெக்ஸ் அந்த இடத்து எண்ணை எடுத்துத் தரும். கடைசியில் உள்ள சுழியம் முக்கியம். ‘சரியாக அதே பெயர்தான் வேண்டும்’ என்பதற்கு அது அடையாளம். அதை விட்டுவிட்டால், தலைப்புகள் அகரவரிசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எக்ஸெல் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தும். பார்த்தால் சரியான எண் போலவே இருக்கும்.

இப்போது டாலர் குறிகள். புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஃபார்முலாவை இழுக்கும்போது எந்தப் பகுதி நகரக் கூடாதோ அதற்கு முன்னால் டாலர் வரும். பி$1 என்றால் எழுத்து நகரலாம், எண் நகரக் கூடாது. கீழே இழுத்தால் பி1ஆகவே இருக்கும், வலப்பக்கம் இழுத்தால் சி1 ஆகும். அதாவது இரண்டாவது தேர்வுப் பெட்டியைப் பார்க்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். $பி2 என்றால் நேர்மாறு: எழுத்து அசையாது, எண் மட்டும் கீழே போகும். மாதம் மாறும்போது வரிசை மாற வேண்டும், ஆனால் ஐந்து ஏரிகளின் அகலம் அப்படியே இருக்க வேண்டும். தலைப்பு வரிசை எங்கும் போகக் கூடாது, அதனால் இரண்டு பக்கமும் பூட்டு.

டாலரைத் தனியாக அடிக்க வேண்டாம். முகவரியைத் தொட்ட கையோடு எஃப்4 விசையை அழுத்துங்கள். ஒரு தடவை அழுத்தினால் இரண்டும் பூட்டும், இரண்டாவது தடவை எண் மட்டும், மூன்றாவது தடவை எழுத்து மட்டும், நான்காவது தடவை எல்லாம் விடுபடும். மடிக்கணினியில் எஃப்4 அழுத்தினால் ஒலியோ வெளிச்சமோ மாறுகிறது என்றால் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடியுங்கள்.

பி2 சரியாக வந்ததும் சி2க்கு இழுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து 13ஆம் வரிசை வரை இழுங்கள். பி1இல் ஏரியை மாற்றிப் பாருங்கள். கீழே உள்ள பன்னிரண்டு எண்களும் ஒரே நொடியில் மாறினால் வேலையில் பாதி முடிந்தது.

சார்ட்

ஏ1 முதல் சி13 வரை தேர்ந்தெடுத்து, இன்ஸர்ட் தாவலில் லைன் சார்ட் போடுங்கள். அவ்வளவுதான். தேர்வுப் பெட்டிகளே நடு அட்டவணையின் தலைப்புகளாகவும் இருப்பதால், ஏரியை மாற்றும்போது கோட்டின் பெயரும் தானாகவே மாறிவிடும்.

சார்ட்டின் தலைப்பு மட்டும் மாறாமல் நிற்கும். அதற்கு ஓரமாக ஒரு செல்லில், ஜி1 என்று வைத்துக்கொள்வோம், சமக்குறி போட்டு பி1ஐத் தொட்டு, & குறி போட்டு, மேற்கோளுக்குள் ‘மற்றும்’ என்பதை இருபுறமும் இடைவெளி விட்டு அடித்து, மறுபடியும் & போட்டு சி1ஐத் தொடுங்கள். பிறகு சார்ட்டின் தலைப்பை ஒரு தடவை சொடுக்கி, மேலே ஃபார்முலா பட்டைக்குப் போய் சமக்குறி போட்டு ஜி1ஐத் தொட்டு என்டர். தலைப்புக்குள்ளேயே நேராக ஃபார்முலா எழுத முடியாது. ஒரு செல்லைச் சுட்டிக் காட்டத்தான் முடியும். அதனால்தான் இந்த ஜி1.

இல்லாததும் சுழியமும்

இங்கே பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோயின. அந்த ஜூன் மாதத்தில் கோடு தரையைத் தொடுவது உண்மை. ஆனால் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் பயன்பாட்டுக்கு வந்ததே 2020 நவம்பரில்தான். அதற்கு முந்தைய மாதங்களுக்கு அந்த நெடுவரிசை காலியாக இருக்கும், இருக்கவும் வேண்டும். இப்போது பி1இல் கண்ணன்கோட்டையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். 2019 முழுக்க 0 என்று வரும். காலி செல்லைக் கொண்டுவரச் சொன்னால் எக்ஸெல் சுழியம் என்று கொடுத்துவிடும். சார்ட்டைப் பார்ப்பவர், அந்த ஏரியும் அந்த ஆண்டு வறண்டுபோனதாக நினைப்பார். இல்லாத ஏரி எப்படி வறளும்?

தீர்வு, ஃபார்முலாவை ஒரு இஃப் கொண்டு சுற்றிவிடுவது:

=இஃப்(எக்ஸ்லுக்அப்(…)="", என்ஏ(), எக்ஸ்லுக்அப்(…))

புள்ளிகள் உள்ள இடத்தில் முன்னால் எழுதிய அதே உள்ளடக்கம், இரண்டு தடவையும். கொண்டுவந்தது காலி என்றால் ‘கிடைக்கவில்லை’ என்ற பிழைக் குறி, இல்லையென்றால் எண். செல்லில் பிழை தெரிவது சிலருக்கு உறுத்தும். இந்த ஒரு இடத்தில் பிழைதான் நமக்கு வேண்டியது, ஏனென்றால் சார்ட் அதற்குப் புள்ளி வைக்காது. பிழை கண்ணில் படக் கூடாது என்றால் அந்தச் செல்களின் எழுத்து நிறத்தை வெளிர் சாம்பல் ஆக்கிவிடுங்கள். பிழையை மறைக்கிறேன் என்று காலி மேற்கோளைப் போடாதீர்கள். சார்ட் அதை மறுபடியும் சுழியமாக வரைந்துவிடும்.

மாதங்களின் நடுவே ஒன்று விட்டுப்போயிருந்தால், பழைய எக்ஸெல் இரு பக்கத்துப் புள்ளிகளையும் கோட்டால் இணைத்துவிடும். மைக்ரோசாஃப்ட் 365இல் இடைவெளியாகவே விடலாம். சார்ட்டில் வலது சொடுக்கி செலக்ட் டேட்டாவுக்குள் போனால், காலி செல்களுக்கான பொத்தானில் அந்த அமைப்பு இருக்கிறது.

அச்சு நகராமல் இருக்க

பி1இல் செம்பரம்பாக்கம், சி1இலும் செம்பரம்பாக்கம் என்று வைத்துப் பாருங்கள். பிறகு இரண்டையும் சோழவரத்துக்கு மாற்றுங்கள். கோடு ஏறக்குறைய அதே உயரத்துக்கு எழும்பி நிற்கும். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சோழவரத்துக்கு 1,081தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் எக்ஸெல் செங்குத்து அச்சை எண்களுக்கு ஏற்ப நீட்டிச் சுருக்கிக்கொள்கிறது. அசையாத சார்ட்டில் இது வசதி. தேர்வுக்கேற்ப மாறும் சார்ட்டில் இது ஏமாற்று வேலை என்பேன். பார்ப்பவரின் கண் கோட்டைத்தான் பார்க்கும், ஓரத்து எண்களை அல்ல.

செங்குத்து அச்சில் வலது சொடுக்கி ஃபார்மட் ஆக்ஸிஸ் திறந்து, மினிமம் 0, மேக்ஸிமம் 4000 என்று கையால் அடித்துவிடுங்கள். இனி எந்த ஏரியைத் தேர்ந்தெடுத்தாலும் அளவுகோல் அதேதான்.

ஆனால் அப்படிச் செய்தால் சோழவரம் தரையோடு தரையாகக் கிடக்கும், அதன் ஏற்ற இறக்கம் தெரியாது. அதற்குச் சதவீதத்தில் இன்னொரு சார்ட் வைப்பதுதான் சரி. ஒரே சார்ட்டில் அளவையும் சதவீதத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும் பொத்தான் வைக்கலாம்தான், ஆனால் அச்சைப் பூட்ட முடியாமல் போய்விடும். தனியாகவே வைப்போம்.

‘கொள்ளளவு’ என்று ஒரு ஷீட். ஏ1 முதல் ஏ5 வரை ஏரிகளின் பெயர்கள், தரவு ஷீட்டில் உள்ளபடியே; பி நெடுவரிசையில் முழுக் கொள்ளளவு: பூண்டி 3231, சோழவரம் 1081, புழல் 3300, செம்பரம்பாக்கம் 3645, கண்ணன்கோட்டை 500. பிறகு பார்வை ஷீட்டின் தாவலில் வலது சொடுக்கி மூவ் ஆர் காப்பி, கிரியேட் எ காப்பி. சார்ட்டும் சேர்ந்தே வரும், நகல் ஷீட்டின் எண்களையே பார்க்கும். நகலின் பி15இல்:

=எக்ஸ்லுக்அப்(பி$1, கொள்ளளவு!$ஏ$1:$ஏ$5, கொள்ளளவு!$பி$1:$பி$5)/100

இதைச் சி15க்கும் இழுத்துவிட்டு, நகலில் உள்ள பி2 ஃபார்முலாவின் கடைசியில் /பி$15 என்று சேர்த்து எல்லாச் செல்லுக்கும் இழுங்கள். அச்சின் மேல் எல்லையை 100 ஆக்குங்கள். நகலின் பி1இல் தேர்வுப் பெட்டி வேண்டாம். சமக்குறி போட்டு பார்வை ஷீட்டின் பி1ஐச் சுட்டிவிட்டால், ஒரு இடத்தில் மாற்றினால் இரண்டு சார்ட்டும் சேர்ந்து மாறும். சி1க்கும் அப்படியே.

ஆண்டையும் தேர்ந்தெடுக்க

தரவு ஷீட்டில் 2020, 2021 என்று வரிசைகள் சேர்ந்துகொண்டே போகும். பார்வையில் பன்னிரண்டு வரிசைகள்தான். எந்தப் பன்னிரண்டு என்பதை ஈ1 தீர்மானிக்கட்டும். ஈ1இல் மறுபடியும் டேட்டா வேலிடேஷன், லிஸ்ட். இந்தத் தடவை சோர்ஸில் 2019,2020,2021 என்று காற்புள்ளி இட்டு அடித்துவிடலாம்.

ஏ2இல் இருந்ததை அழித்துவிட்டு =டேட்($ஈ$1,1,1) என்று எழுதுங்கள். ஏ3இல் =ஈடேட்(ஏ2,1), அதாவது மேலே உள்ள தேதிக்கு ஒரு மாதம் கழித்து. அதை ஏ13 வரை இழுங்கள். 43497 போன்ற ஏதோ ஒரு எண் வந்து நின்றால் பயப்பட வேண்டாம். எக்ஸெலின் உள்கணக்கில் 2019 பிப்ரவரி 1 என்பது அதுதான். செல்லின் வடிவத்தைத் தேதியாக மாற்றினால் சரியாகிவிடும்.

இனி வரிசைக்கு வரிசை நேராகப் பொருந்தாது. தேதியையும் தேடித்தான் எடுக்க வேண்டும். பி2 இப்படி மாறும்:

=இண்டெக்ஸ்(தரவு!$பி$2:$எஃப்$200, மேட்ச்($ஏ2, தரவு!$ஏ$2:$ஏ$200, 0), மேட்ச்(பி$1, தரவு!$பி$1:$எஃப்$1, 0))

முதல் மேட்ச் மாதத்தைத் தேடுகிறது, இரண்டாவது ஏரியைத் தேடுகிறது, இரண்டும் சந்திக்கும் செல்லை இண்டெக்ஸ் எடுக்கிறது. 200ஆம் வரிசை வரை கொடுத்திருப்பதால் பதினாறு ஆண்டுகளுக்குத் தாங்கும். இஃப் சுற்றை இதற்கும் போடுங்கள். இன்னும் வராத மாதங்களுக்குத் தேதியே கிடைக்காமல் மேட்ச் தானாகவே பிழை காட்டும். நடப்பு ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் கோடு இந்த மாதத்தோடு நின்றுவிடுவது அதனால்தான். சதவீத நகலிலும் ஈ1, ஏ நெடுவரிசை, ஃபார்முலா மூன்றையும் இதே போல மாற்றிவிடுங்கள். ஈ1ஐ மட்டும் பார்வை ஷீட்டின் ஈ1க்குச் சுட்டிவிட்டால் போதும். தலைப்புச் செல்லான ஜி1இல் ஈ1ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா மாதமும் பிழையாகவே வந்தால், தேதி எழுத்தாகக் கிடக்கிறது என்று அர்த்தம். மேலே சொன்ன இடப்பக்கம், வலப்பக்கம் சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

ஃபார்முலா வேண்டாம் என்பவர்களுக்கு

தரவைத் தானே தொகுத்துக் காட்டும் பிவட் சார்ட்டும், அதில் எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் ஸ்லைசரும் இருக்கின்றன. பட்டன் பட்டனாகத் தெரியும், தொட்டால் மாறும், பார்க்க அழகு. எக்ஸெல் 2010இலிருந்தே ஸ்லைசர் உண்டு. ஆனால் அதற்குத் தரவு வேறு வடிவில் வேண்டும். ஏரிகள் குறுக்கே ஐந்து நெடுவரிசையாக இருக்கக் கூடாது. நாள், ஏரி, இருப்பு என்று மூன்றே நெடுவரிசைகளில் கீழே நீள வேண்டும். கையால் மாற்றாதீர்கள். டேட்டா தாவலில் ஃப்ரம் டேபிள் வழியாக பவர் க்வெரி என்ற தரவு மாற்றும் கருவியைத் திறந்து, நாள் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, அன்பிவட் அதர் காலம்ஸ் கொடுத்தால் அதுவே புரட்டிப் போட்டுவிடும்.

அங்கிருந்து பிவட் சார்ட் போடுவது எளிது. நாள் கீழ் அச்சுக்கு, ஏரி லெஜெண்டுக்கு, இருப்பு மதிப்புக்கு. பிறகு இன்ஸர்ட் ஸ்லைசர் கொடுத்து ஏரியைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஏரிகள் வேண்டும் என்றால் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு தொடுங்கள்.

ஆனால் பிவட் கேட்காமலே கூட்டும். எக்ஸெல் 2016 முதல், தேதியைப் போட்டவுடன் அதை ஆண்டு, காலாண்டு, மாதம் என்று அதுவே பிரித்து, ஆண்டுகளாகச் சுருக்கிக் காட்டும். மதிப்புக்கு இயல்பாகவே சம், அதாவது கூட்டல். விற்பனைக் கணக்கென்றால் மாதங்களைக் கூட்டி ஆண்டாக்குவது சரி. ஏரி இருப்பைக் கூட்டினால்? பன்னிரண்டு மாதமும் பூண்டியில் தலா 2000 இருந்தால் பிவட் 24,000 என்று காட்டும். பூண்டி நிரம்பினாலே 3231தான். வங்கிக் கணக்கு இருப்பு, கிடங்குச் சரக்கு, மாணவர் எண்ணிக்கை போல ‘இந்த நாளில் இவ்வளவு’ என்று சொல்லும் எந்தக் கணக்குக்கும் இது பொருந்தும். மதிப்பின் மேல் வலது சொடுக்கி சம்மரைஸ் வேல்யூஸ் பை என்பதில் ஆவரேஜ் என்று மாற்றுங்கள். அல்லது தேதித் தொகுப்பைப் பிரித்து மாதங்களைத் தனித்தனியாகவே காட்டுங்கள்.

இன்னொன்று, புதிய மாதத்தைச் சேர்த்தால் ஃபார்முலா உடனே எடுத்துக்கொள்ளும், பிவட் எடுத்துக்கொள்ளாது. ரிஃப்ரெஷ் ஆல் கொடுக்க வேண்டும். மாதா மாதம் தரவு சேர்த்துப் பிறருக்குக் கொடுக்கும் வேலை என்றால் நான் ஃபார்முலா பக்கம்தான். ஏதாவது புலப்படுகிறதா என்று நாமே தோண்டிப் பார்க்கும் வேலைக்குப் பிவட்டை மிஞ்ச ஆள் இல்லை.

பிறருக்குக் கொடுக்கும்போது

தேர்வுப் பெட்டிகள் தவிர மற்றவற்றைப் பூட்டிக் கொடுப்பது நல்லது. பி1, சி1, ஈ1 மூன்றையும் தேர்ந்தெடுத்து ஃபார்மட் செல்ஸில் ப்ரொடெக்ஷன் பக்கத்தில் லாக்டு என்ற டிக்கை எடுத்துவிட்டு, ரிவ்யூ தாவலில் ப்ரொடெக்ட் ஷீட் கொடுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் எதையுமே தொட முடியாது.

மின்னஞ்சலில் வந்த கோப்பைத் திறப்பவருக்கு மேலே மஞ்சள் பட்டை தெரியும். எனேபிள் எடிட்டிங் கொடுக்கும் வரை தேர்வுப் பெட்டி வேலை செய்யாது. ‘சார்ட் மாறவே இல்லையே’ என்று வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதனால்தான். அனுப்பும்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் கோப்பாகவே அனுப்புங்கள். படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மாற்றினால், அந்த நேரத்தில் எந்த ஏரி தேர்வாகியிருந்ததோ அதோடு உறைந்துவிடும்.

லிப்ரேஆபிஸ் கால்க் வைத்திருப்பவர்களும் இதையெல்லாம் செய்யலாம். டேட்டா மெனுவில் வேலிடிட்டி என்று இருக்கும். எக்ஸ்லுக்அப் 24.8 பதிப்பில்தான் வந்தது, அதற்கு முந்தையதென்றால் இண்டெக்ஸ், மேட்ச் ஜோடி.

கூகுள் ஷீட்ஸிலும் இதே ஃபார்முலாக்கள் ஓடும். ஆனால் பலர் ஒரே கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது ஒருவர் தேர்வுப் பெட்டியில் புழல் என்று மாற்றினால் எல்லோர் திரையிலும் புழல்தான். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்களால் பெட்டியைத் தொடவே முடியாது. அங்கே டேட்டா மெனுவில் உள்ள ஸ்லைசரைச் சேர்த்துக் கொடுங்கள். பார்க்க மட்டும் வந்தவர்களும் அதில் தேர்ந்தெடுக்கலாம், ஒருவர் தேர்வு இன்னொருவர் திரையைத் தொந்தரவு செய்யாது. அதற்கும் தரவு அந்த மூன்று நெடுவரிசை வடிவில் இருந்தால்தான் ஏரிவாரியாகப் பிரிக்க முடியும்.